ஆராய்ந்தறியும் பழக்கமும் இக்காலக் கல்வியும்

(நம் சங்கத்தின் ஆண்டு மகாநாட்டில் நிகழ்த்திய பிரசங்கம்)



இம்மகாநாட்டில் கல்வியைக் குறித்துச் சில வார்த்தைகள் பேசுமாறு காரியதரிசி அவர்கள் பணித்தனர். கல்வியின் பெருமையை இச்சபைக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அதனை நன்குணர்ந்தே நம்மவர் விடுதி கண்டனர். ஏழை மாணவர்க்கு உபகாரச் சம்பளம் வகுத்தனர். இவ்வாண்டு விடுதி மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு மடிக்கணினி வாங்கித் தருவதென்று தீர்மானித்து நிதியும் திரட்டி வருகின்றனர். இது போற்றற்குரிய முயற்சியே. ஆயினும், கருவியைக் கையிற் கொடுக்குமுன் அக்கையை ஏவும் மனத்தை ஆயத்தம் செய்தோமா என்னும் கேள்வியொன்று எஞ்சி நிற்கின்றது. அதனை ஆராய்வதே இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

நம் பாட்டனார் காலத்தில் ஒரு செய்தியை அறிய வேண்டின், அறிந்தவரைத் தேடி நடத்தல் வேண்டும். ஏட்டை இரந்து பெற்றுப் படியெடுத்தல் வேண்டும். அக்காலத்தில் விடை அரிதாயிருந்தது. இக்காலத்திலோ விடை மலிந்து கிடக்கின்றது. கைபேசியில் ஒரு வரி எழுதிய மாத்திரத்தில் ஆயிரம் விடைகள் வந்து நிற்கின்றன. அவற்றுள் மெய்யும் உண்டு, பொய்யும் உண்டு, மெய்போலத் தோன்றும் பொய்யும், பொருள் தெரியாது எடுத்தாளப்பட்ட மெய்யும் உண்டு. நெல் அரிதாயிருந்த காலத்தில் விளைவிக்கும் திறமே பெரிது. நெல்லும் பதரும் மலைபோற் குவிந்து கிடக்கும் காலத்தில் தூற்றும் திறமே பெரிது. அத்திறத்தை நம் சிறுவர்க்குக் கற்பிக்கின்றோமா?

ஆராய்ச்சியறிவு யாது?

ஆராய்ந்தறிதல் என்பதனைச் சிலர் எதையும் மறுத்துப் பேசுதல் என்று எண்ணுகின்றனர். அஃது அன்று. கேட்டதையெல்லாம் நம்புவோன் ஒரு சோம்பேறி. கேட்டதையெல்லாம் மறுப்போன் மற்றொரு சோம்பேறி. இருவரும் ஆராயும் உழைப்பினின்று தப்பிக்கொள்கின்றனர். இதனைச் சொன்னவர் யார்? அவர்க்கு இஃது எவ்வாறு தெரியும்? சான்று யாது? இதற்கு மாறாகச் சொல்வோர் உளரா? இது பொய்யாயின் எதனாற் புலப்படும்? இவ்வினாக்களை முறையாகக் கேட்டு, கிடைத்த சான்றின் அளவே நம்பிக்கை வைப்பதுதான் ஆராய்ச்சியறிவு. இவ்வறிவைக் கொண்டு ஒரு சிக்கலை அவிழ்ப்பதே பிரச்சினை தீர்த்தல் என்று இக்காலக் கல்வியாளர் கூறும் திறமாகும்.

இது மேனாட்டிலிருந்து இறக்குமதியான சரக்கு என்று ஒருவரும் கருத வேண்டாம். பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் நூலாசிரியர் கொள்ளும் மதங்களை ஏழாக வகுத்தார். பிறர் கருத்துக்கு உடன்படுதலும், மறுத்தலும், முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதலும், தாமே ஒன்றை நாட்டி நிலைநிறுத்தலும், இருவர் மாறுபடும்போது ஒன்றனைத் துணிதலும், பிற நூலின் குற்றத்தைக் காட்டுதலும், பிறர் கொள்கையிற் சாராது தம் கொள்கையில் நிற்றலும் அவை. உடன்படுதலுக்கும் மறுத்தலுக்கும் அவர் ஒருங்கே இடமளித்தமை நோக்கத்தக்கது. மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையோ பக்கம், ஏது, திட்டாந்தம் என்னும் அளவை உறுப்புக்களையும், அவை பிழைபட்டுப் போலியாகும் வகைகளையும் விரித்துரைக்கின்றது. ஒரு காவியத்தினுள் தருக்க நூலையே வைத்துப் போற்றிய மொழி நம் மொழி. சொல்வோர் யாவராயினும் அவர் பெயரை நோக்காது பொருளின் மெய்மையை நோக்குவதே அறிவு என்று வள்ளுவனாரும் இலக்கணம் வகுத்தார்.

நம் காலத்துக்கு அணித்தாகவும் ஒரு சான்று காட்டுவோம். திருச்சிராப்பள்ளியிற் பிறந்த ஸர் சி. வி. இராமன் அவர்கள் 1921-ஆம் ஆண்டில் கப்பலேறி இங்கிலாந்து சென்று மீண்டனர். கடலின் ஆழ்ந்த நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்று லார்ட் ரேலி என்னும் பெரும் விஞ்ஞானி கூறியிருந்தனர். நோபல் பரிசு பெற்ற பேரறிஞர் வாக்கு என்று இராமன் அதனை அப்படியே ஏற்றுக்கொண்டிலர். நீரின் மேற்பரப்பிலிருந்து பிரதிபலிக்கும் ஒளியை ஒரு சிறு நிக்கோல் பட்டகத்தால் தடுத்துவிட்டுக் கடலை நோக்கினர். அப்போதும் நீலம் மறைந்திலது, முன்னினும் விளங்கிற்று. நீரே ஒளியைச் சிதறச் செய்கின்றது என்று துணிந்தனர். அன்று தொடங்கிய ஆராய்ச்சியே 1928-ஆம் ஆண்டில் இராமன் விளைவாகவும், 1930-ஆம் ஆண்டில் நோபல் பரிசாகவும் கனிந்தது. அவர் ரேலியை இகழ்ந்தாரல்லர், சோதித்தார். இகழ்வதற்கும் சோதிப்பதற்கும் உள்ள வேற்றுமையே இப்பிரசங்கத்தின் உயிர்நிலை.

ஆராயாமையின் விலை

ஆராயாமையால் வரும் கேடு பரீட்சையில் மதிப்பெண் குறைவதோடு நில்லாது. 2018-ஆம் ஆண்டில், குழந்தை பிடிக்கும் கூட்டத்தார் ஊரூராய்த் திரிகின்றனர் என்னும் வதந்தி இந்தியாவெங்கும் வாட்ஸ்அப் வழியே பரவிற்று. அவ்வாண்டு மே மாதத்தில், போளூர்ப் பக்கத்தில், குலதெய்வத்தின் கோயிலை நாடி உறவினரோடு சென்ற மூதாட்டியொருவர், வழியிற் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார் என்பது பற்றி ஐயுறப்பட்டு, ஊரார் கூடியடித்ததனால் உயிர் துறந்தார். அடித்தவர் பிறவிக் கொடியரல்லர். பள்ளிக்கூடம் சென்றவரும் எழுதப்படிக்கத் தெரிந்தவரும் அச்செய்தியைப் படித்து நம்பினவரே. எழுத்தறிவு அந்த அம்மையாரைக் காக்கவில்லை. அவ்வெழுத்தறிவின் வழியேதான் வதந்தி வந்து சேர்ந்தது. அவ்வாண்டு ஜூலை மாதத்தில் வாட்ஸ்அப் நிறுவனத்தார், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து பேர் அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்பவொட்டாது வரையறை செய்தனர். கருவிக்குப் பூட்டுப் போட்டனர்; மனத்துக்கு விளக்கேற்றும் வேலை நம்முடையது.

இவ்வகைச் செய்திகளில் ஒரு சூக்குமம் உண்டு. அது மாமன் மைத்துனனிடமிருந்து வருகின்றது. அனுப்பியவரை நாம் அறிவோம். ஆதலால் சொன்னவரையும் அறிந்ததாக மயங்குகின்றோம். அனுப்பியவர் வேறு, முதலிற் சொன்னவர் வேறு. இவ்வொரு வேற்றுமையைச் சிறுவன் பத்து வயதில் உணர்ந்தானாயின், பாதிப் பொய்கள் அவனிடம் அணுகா.

இம்மயக்கம் ஏழை எளியார்க்கே உரியதென்று எண்ணற்க. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையார் 2016-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். உருத்திரிந்த சில பூக்களின் படத்தை உயர்நிலைப் பள்ளி மாணவரிடம் காட்டினர். ஜப்பானில் புகுஷிமா அணுமின் நிலைய விபத்தினால் இப்பூக்கள் இவ்வாறாயின என்று அப்படத்தோடு எழுதியிருந்தது. படம் எடுத்தவர் யார், எங்கே எடுத்தது என்பதற்குச் சான்று ஏதும் இல்லை. அங்ஙனமாகவும் நூற்றுக்கு நாற்பதின்மர் அளவினர் அதனை வலிய சான்றாகவே கொண்டனர். படத்தின் மூலம் யாதென்று தக்கவாறு வினவியவர் இருபதின்மருக்கும் குறைவு. அவர்கள் பிறந்தது முதல் கணினியோடு பழகியவர்கள். கருவியோடு பழகுதல் வேறு, கருவி தருவதை ஆராய்தல் வேறு என்பதற்கு இதனினும் விளக்கம் வேண்டுமோ?

இப்போதோ யந்திரமே விடை எழுதும் காலம் வந்துவிட்டது. 2022-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் சாட்ஜிபிடி என்னும் செயற்கை நுண்ணறிவு யந்திரம் பொதுமக்கள் முன் வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே நியூயார்க் நகரில், கற்று முதிர்ந்த வக்கீல்கள் இருவர், அவ்யந்திரம் கற்பித்துக் கொடுத்த பொய்த் தீர்ப்புக்களை மெய்யென நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பெற்றனர். அத்தீர்ப்புக்கள் எந்நாளும் எந்நீதிமன்றத்திலும் வழங்கப்பட்டவையல்ல. யந்திரம் அறிந்து பொய் சொல்லவில்லை. சொல்லின்பின் எச்சொல் வருதல் இயல்பென்று கணித்துத் தொடுப்பது அதன் தொழில். தொடுத்தது உண்மையா என்று நோக்குவது நம் தொழில்.

ஒரு பரிசோதனை

நம் சங்கத்தார் நிதி திரட்டும் இவ்வேளையில், அவசியம் கருத்திற்கொள்ள வேண்டிய பரிசோதனையொன்றைச் சற்று விரித்துரைப்போம். துருக்கி நாட்டில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் மாணவர் ஏறக்குறைய ஆயிரவரைக் கொண்டு, அமெரிக்காவின் பென்சில்வேனியா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் இதனை நடத்தி, 2025-ஆம் ஆண்டில் அச்சிட்டனர். கணித பாடத்தில் மாணவரை மூன்று வகையாகப் பிரித்தனர். முதல் வகையார் புத்தகமும் குறிப்பேடும் கொண்டு பயின்றனர். இரண்டாம் வகையார்க்குச் செயற்கை நுண்ணறிவு யந்திரம் தடையின்றிக் கொடுக்கப்பட்டது. மூன்றாம் வகையார்க்கும் அதே யந்திரம்தான். ஆனால், விடையைச் சொல்லாது குறிப்பு மட்டும் தந்து, மாணவனையே நடத்திச் செல்லுமாறு அமைக்கப்பட்டது.

பயிற்சிக் கணக்குகளைச் செய்யும்போது, யந்திரத்தைத் தடையின்றிப் பெற்றவர் முதல் வகையாரினும் நூற்றுக்கு 48 பங்கு மேம்பட்டனர். பார்த்தோர் வியந்திருப்பர். பின்பு யந்திரத்தை அகற்றிப் பரீட்சை வைத்தனர். அப்போது அவர்கள் யந்திரத்தையே காணாத மாணவரினும் நூற்றுக்கு 17 பங்கு தாழ்ந்தனர். குறிப்பு மட்டும் பெற்ற மூன்றாம் வகையார்க்கு அத்தாழ்வு பெரும்பாலும் நேரவில்லை. இதனினும் கருதத்தக்கது ஒன்று: தாழ்ந்துபோன மாணவர், தாம் குறைவாகக் கற்றதாகவே உணரவில்லை.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? யந்திரம் தீது என்பதன்று. மூன்றாம் வகையாரும் அதே யந்திரத்தையே பயன்படுத்தினர். விடை தேடும் உழைப்பினிடத்தேதான் அறிவு விளைகின்றது. அவ்வுழைப்பை எது பறித்துக்கொள்கின்றதோ அது, விடையைக் கொடுத்து அறிவைக் கொண்டுபோகின்றது. இவ்விழப்பு எல்லார்க்கும் ஒரே அளவினதுமன்று. கற்ற தாய்தந்தையர் உள்ள வீட்டில், இது தவறு என்று சொல்ல ஒருவர் இருப்பர். முதன்முதலாகப் பள்ளி கண்ட குடும்பத்துப் பிள்ளைக்கு அவ்வுதவி இல்லை. நம் விடுதியில் இருப்போர் பெரும்பாலும் அப்பிள்ளைகளே. ஆகலின், ஆராயும் பழக்கத்தை விடுதியில் ஊட்டாது கணினியை மட்டும் கொடுப்போமாயின், நாம் தாங்கிப்பிடிக்க எண்ணியவரையே தள்ளிவிட்டவராவோம்.

பயிற்றும் முறை

இத்திறத்தைப் பயிற்றும் வழி உண்டோ எனின், உண்டு. அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதுமில்லை.

முதலாவது வழி, ஒரு பக்கத்தை நம்புமுன் அப்பக்கத்தை விட்டு வெளியேறிப் பார்த்தல். ஸ்டான்போர்டு ஆராய்ச்சியாளர் சரித்திர பண்டிதர் பதின்மரையும், செய்திகளின் உண்மையைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டோர் பதின்மரையும், சர்வகலாசாலை மாணவர் இருபத்தைவரையும் கணினிமுன் அமர்த்தினர். குழந்தை வைத்தியர் சங்கங்கள் இரண்டன் இணையப் பக்கங்களைக் காட்டினர். ஒன்று 1930-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பெருஞ்சங்கம். மற்றொன்று 2002-ஆம் ஆண்டில் பிரிந்த ஒரு சிறு குழு. பெயரும் தோற்றமும் ஒன்றுபோலிருந்தன. மாணவரிற் பெரும்பாலாரும் பண்டிதரிற் பலரும் அப்பக்கத்துக்குள்ளேயே ஆழ்ந்து படித்துத் தடுமாறினர். சரிபார்ப்போரோ சில விநாடிகளில் அப்பக்கத்தை விட்டு நீங்கி, இச்சங்கத்தைப் பற்றிப் பிறர் யாது கூறுகின்றனர் என்று தேடி, எளிதில் உண்மையைக் கண்டனர். பெண் கொடுக்குமுன் மாப்பிள்ளையின் குணத்தை அவன் வாயாலேயே கேட்டு நம்மவர் திருப்தியடைவதுண்டோ? நாலு ஊரில் விசாரிக்கின்றோம் அல்லவா? அவ்விசாரணையே இது.

இரண்டாவது வழி, சிக்கலைப் படிப்படியாக அவிழ்த்தல். ஹங்கேரி நாட்டிற் பிறந்த ஜார்ஜ் போல்யா என்னும் கணித ஆசிரியர், 1945-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் நான்கு படிகளை வகுத்தார்: கேள்வியை விளங்கிக்கொள்ளல், வழி வகுத்தல், வகுத்தபடி செய்தல், திரும்பிப் பார்த்தல். இதனை வாழ்க்கைக் கணக்கொன்றில் வைத்துக் காட்டுவோம். கைபேசியில் ஒரு விளம்பரம் வருகின்றதாகக் கொள்வோம்: “உடனடிக் கடன் 10,000 ரூபாய். வட்டி 5 சதவிகிதம் மட்டுமே. 30 நாளில் 10,500 ரூபாய் செலுத்துக. கட்டணம் 1,000 ரூபாய் முன்னதாகக் கழிக்கப்படும்.” கேள்வி யாது? வட்டி உண்மையில் எத்தனை என்பது. வழி யாது? கையில் வந்தது எவ்வளவு, திரும்பச் செல்வது எவ்வளவு என்று காண்பது. செய்து பார்ப்போம்: வந்தது 9,000, செல்வது 10,500, மிகை 1,500. அஃதாவது முதலில் ஆறிலொரு பங்கு; மாதத்துக்கு 16⅔ சதவிகிதம். திரும்பிப் பார்ப்போம்: பன்னிரண்டு மாதத்துக்குத் தனிவட்டியாகவே 200 சதவிகிதம் ஆகின்றது, விளம்பரத்தில் கண்டதோ 5. எட்டாம் வகுப்புக் கணக்கே இது. இதனைப் பள்ளியில் செய்த பிள்ளை தன் தந்தையின் வீட்டைக் காப்பான்.

மூன்றாவது வழி, கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைத்தல். ஆசிரியரிடம் கேட்பதனால் மாணவன் பெறுவது காற்பங்கு, உடன் பயில்வோரோடு பழகுவதனால் காற்பங்கு, பிறர்க்கு விரித்துரைப்பதனால் எஞ்சிய அரைப்பங்கு என்று நன்னூல் கணக்கிட்டது. நம் திண்ணைப் பள்ளிகளில் மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தான். 1789-ஆம் ஆண்டு முதல் எழும்பூரில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் துரை, பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையைக் கையாண்டு, 1797-இல் அதனை நூலாக வெளியிட்டார். மதராஸ் முறை என்னும் பெயரால் அஃது இங்கிலாந்திலும் பரவிற்று. பிறர்க்கு விளக்கப் புகுந்தபோதே நமக்கு விளங்காத இடம் எதுவெனத் தெரியவரும். யந்திரம் தந்த விடையைப் பார்த்தெழுதியவன் எதிரில் அமர்ந்த தோழனுக்கு அதனை விளக்க மாட்டான்.

இரண்டு ஆட்சேபங்கள்

பரீட்சைக்கு நெட்டுருப் பண்ணவே நேரம் போதாதபோது இவ்வாராய்ச்சிக்கு நேரம் ஏது என்று சிலர் கேட்பர். நெட்டுருவை நாம் இகழ்வோமல்லோம். ஒன்றும் அறியாத மனம் எதனைக் கொண்டு எதனைச் சோதிக்கும்? வாய்பாடு அறியாதவன் மேற்கண்ட வட்டிக் கணக்கைத் தொடங்கவும் மாட்டான். மனனம் பண்ணியது அரிசி, ஆராய்ச்சி அடுப்பு. ஒன்றின்றி ஒன்று சோறாகாது. வாரத்தில் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்குவதனால் பரீட்சை கெடாது. விளங்கிக் கற்றது மறவாது நிற்கும்.

பிள்ளைகள் கேள்வி கேட்கப் பழகினால் பெரியோரை மதியார் என்பது இரண்டாவது ஆட்சேபம். இதனை வெளிப்படச் சொல்லார், மனத்தில் வைத்திருப்பர். பெரியோர்களே! நம்மையே கேள்வி கேட்கும் பிள்ளை நம் முகம் பார்த்துக் கேட்கின்றது. கேட்கக் கூடாதென்று அடக்கிய பிள்ளையும் கேட்கவே செய்யும். நம்மிடத்தன்று, நள்ளிரவில் கைபேசியிடத்து. அங்கே விடை சொல்வோர் யாவர், அவர் நோக்கம் யாது என்று நாம் அறியோம். வினாவைப் பொறுத்துக்கொள்ளும் பெரியவரிடமே பிள்ளை துன்பம் வந்தபோதும் ஓடிவரும். பணிவோடு வினவக் கற்பித்தலும், தெரியாததைத் தெரியாதென்று நாம் சொல்லிக் காட்டுதலும் மரியாதையைக் குறைப்பனவல்ல.

நாம் செய்யத்தக்கது

ஆகலின், நம் சங்கத்தார்க்கு நான்கு விண்ணப்பங்களைச் சமர்ப்பிக்கின்றோம். முதலாவது, கணினி நிதியில் பத்திலொரு பங்கை ஒதுக்கி, விடுதிக்கு ஞாயிறுதோறும் வந்து ஆராய்ச்சிப் பயிற்சி நடத்தும் ஆசிரியரை அமர்த்துக. அண்டையிலுள்ள கேரளத்தில், கண்ணூர் மாவட்டத்தில், 2018-ஆம் ஆண்டிலேயே 150 அரசினர் பள்ளிகளில் பொய்ச் செய்தியைப் பகுத்தறியும் வகுப்புக்கள் நடத்தப்பட்டன. ஒரு மாவட்டம் செய்ததனை ஒரு விடுதி செய்யலாகாதோ?

இரண்டாவது, முதலிற் குறிப்பேடு, பின்னரே யந்திரம் என்னும் விதி விடுதியில் நிலவுக. மாணவன் தன் முயற்சியை, தவறாயினும், தன் கையால் எழுதிய பின்னரே கணினியைத் திறக்கட்டும். கணினி சொன்னதையும் தான் எழுதியதையும் ஒத்துப் பார்த்து, எது சரி, எதனால் என்று இரண்டு வரி எழுதட்டும். துருக்கி நாட்டு மூன்றாம் வகையாரின் பயனை இதனால் நாமும் ஒருவாறு எய்தலாம்.

மூன்றாவது, இப்பயிற்சி பெண் மக்களுக்கும் ஒப்ப உரித்தாகுக. வீட்டின் வரவு செலவும், குழந்தையின் மருந்தும், கைபேசியில் வரும் வஞ்சக அழைப்பும் பெரும்பாலும் அவர்கள் கையிலேயே வந்து சேர்கின்றன. விடுதியில் இடமில்லாத பெண்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்காவது வந்து செல்ல வழி செய்க.

நான்காவது விண்ணப்பம் முதியோராகிய நமக்கே. நம் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில், மூலம் தெரியாத செய்தியை எவரும் அனுப்புவதில்லை என்று இச்சபையிலேயே உறுதி செய்துகொள்வோம். பிள்ளைகள் நம் உபதேசத்தைக் கேட்பதினும் நம் நடையைப் பார்ப்பது மிகுதி. புற்றுநோய்க்கு ஒரு வேரே மருந்தென்று பெரியவர் ஒருவர் அனுப்பிய செய்தி குழுவில் நிற்கும்போது, ஆராய்ந்து அறிக என்று நாம் பிள்ளைக்குச் சொல்வது எடுபடுமோ?

சகோதரர்களே! நம் முன்னோர் அரும்பாடுபட்டுப் பள்ளியின் வாயிலை நமக்குத் திறந்தனர். அவ்வாயிலுக்குள் நுழைந்த பிள்ளை, பிறர் சொன்னதைச் சொல்லும் கிளியாக வெளிவரின் அவர்கள் பட்ட பாடு வீணாகும். கணினி வாங்கித் தருவோம். அதனோடு கேள்வி கேட்கும் துணிவையும், விடையைச் சோதிக்கும் பொறுமையையும், தவறென்று கண்டபோது தன் கருத்தை மாற்றிக்கொள்ளும் நேர்மையையும் சேர்த்துத் தருவோம். கணினி சில ஆண்டுகளில் பழுதாகும். இம்மூன்றும் பிள்ளையின் ஆயுள் மட்டும் நிற்கும். அவன் பிள்ளைக்கும் செல்லும்.

இவ்விண்ணப்பங்களைச் சபையார் ஆராய்ந்து, குறையிருப்பின் எடுத்துக்காட்டி, தக்கதெனக் கண்டால் தீர்மானமாக நிறைவேற்றுமாறு வேண்டுகின்றோம்.